ஜாடி மாற்றும் நேரம்

"இன்னும் எத்தனை வருஷம் நான் வெறுமனே உக்காந்து மோந்துக்கிட்டே இருக்கணும்?" என்று தணிகாசலம் கேட்டான்.

அமலோற்பவம் அம்மா விறகு பிளந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மோக்கிறது சின்ன வேலையா, சார்?"

"வேலைதான். ஆனா ஜாடியை மாத்துறது நீங்கதானே. ஒரு தடவைகூட என் கையில விடலையே."

"விடலைதான்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

அம்மா கோடரியைக் கீழே வைத்தார்.

"அடுப்பு பத்த வைக்கணும். வாங்க."

*

தணிகாசலத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. அம்மாவுக்கு அவனைவிடக் குறைவு. அந்த மலையடிவாரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிராந்தி காய்ச்சும் செம்புக் கொப்பரையின் முன்னால் நிற்கிறவர் குரு. உட்காருகிறவன் சீடன்.

முன்பு அவன் ஒரு பெரிய மதுபான ஆலையில் ருசி பார்ப்பவனாக இருந்தான். எரிசாராயத்தில் வண்ணமும் வாசனையும் கலந்து பிராந்தி என்று பெயர் வைப்பார்கள். அவன் ஒரு வாய் வைத்துச் சரி என்று தலையாட்ட வேண்டும்.

தலையாட்டாத நாட்களிலும் லாரி கிளம்பியது.

ஒரு நாள் யாரோ கொடுத்த ஒரு மடக்கு, இந்தத் தோட்டத்துப் பிராந்தி. அதில் வண்ணம் கலக்கவில்லை. வாசனை கலக்கவில்லை. பதினைந்து வருடம் மரப் பீப்பாய்க்குள் சும்மா கிடந்தது, அவ்வளவுதான். மறுமாதம் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தான்.

"என்ன தெரியும்?" என்று அன்று அம்மா கேட்டார்.

"தலையாட்டத் தெரியும்."

"அது போதாது. ஆனா உக்காருங்க."

*

சின்னத் தோட்டம். அம்மாவின் மாமனார் போட்ட பந்தல். பன்னீர் திராட்சை. உரிமம் வாங்கிய ஒற்றைக் கொப்பரை. பின்னறையில் ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாகக் கிடந்தன. வருடத்துக்கு ஒரு பீப்பாய் நிரப்பி உள்ளே வைப்பார்கள். வருடத்துக்கு ஒரு பழைய பீப்பாயைத் திறந்து விற்பார்கள். அந்தக் குடும்பம் சாப்பிட்டது அந்தக் காசில்தான்.

அந்த வரிசையில் ஒரு வருடமும் விடுபட்டதில்லை.

இந்த வருடம் பந்தலில் சாம்பல் நோய் விழுந்தது. அம்மா மருந்து அடிப்பதில்லை, புளித்த மோர்தான் தெளிப்பார். மாமனாரும் அடித்ததில்லை. கொத்துக் கொத்தாகக் கருகியது போக மிஞ்சியது கொப்பரையை ஒரே ஒரு தடவை நிரப்பத்தான் வந்தது.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒச்சப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"என்ன தங்கச்சி, இந்த வருஷம் ஒத்தைக் கொப்பரைதானாமே?"

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே."

"நான் அப்பவே சொன்னேன். ரெண்டு டேங்க் மருந்து அடிச்சிருந்தா பந்தல் தப்பிச்சிருக்கும். அந்த நோய்க்கு உங்க புளிச்ச மோரு பத்துமா?"

"பத்தலைதான்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, பத்தலை."

ஒச்சப்பன் வேலியிலிருந்து கையை எடுத்தார்.

"உங்களோட சண்டை போடவும் முடியலையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

கொப்பரை சூடேறியது.

புளித்த திராட்சை ரசம் கொதித்து, ஆவியாகி, குளிர்ந்து, குழாய் வழியாகச் சொட்டும். முதலில் வருவது கண்ணைக் கடிக்கும், அது ஆகாது. நடுவில் வருவது நல்லது, அதுதான் பீப்பாய்க்கு. கடைசியில் வருவதில் நனைந்த சாக்கின் வாசம் இருக்கும், அதுவும் ஆகாது.

இரண்டே இரண்டு தடவை ஜாடியை மாற்ற வேண்டும்.

சீக்கிரம் மாற்றினாலும் தப்பு. தாமதமாக மாற்றினாலும் தப்பு. அந்தத் தப்பைப் பீப்பாய் உடனே சொல்லாது. வருடக் கணக்கில் வைத்திருந்து சொல்லும்.

வந்த புதிதில் தணிகாசலம் ஆலையிலிருந்து ஒரு அளவுமானியைக் கொண்டுவந்திருந்தான். அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்ன சொல்லும்?"

"சாராயம் எவ்வளவு இருக்குன்னு சொல்லும்."

"எப்படி இருக்குன்னு?"

"அது சொல்லாது."

"அப்ப உங்க வேலை போகலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்றும் அவன் வழக்கம்போல் முக்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. சொட்டை உள்ளங்கையில் ஏந்தித் தேய்த்து மோந்தான். அம்மா எதிரே காலி ஜாடியோடு நின்றார்.

கடித்தது. இன்னும் கடித்தது. கொஞ்சம் குறைந்தது. பிறகு எங்கிருந்தோ பழத்தின் வாசம் எழுந்தது.

இதுதானா, இன்னும் இருக்கிறதா என்று அவன் யோசித்தான்.

யோசித்து முடிப்பதற்குள் அம்மா ஜாடியை மாற்றிவிட்டார்.

முதல் மாற்றம் முடிந்தது. நடுப்பகுதி நூல்போல் ஓடத் தொடங்கியது. இனி சில மணி நேரத்துக்கு வேலை இல்லை.

*

பக்கத்து அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அம்மா அதை ஒட்டி நின்று வெங்காயம் உரித்தார். தணிகாசலம் தள்ளி, கொப்பரை அருகே இருந்தான்.

"அம்மா, சோறு அடி பிடிக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். மூடியைத் திறந்தார். புகை எழுந்தது. பானையை இறக்கினார்.

"நல்லாவே பிடிச்சிருச்சு" என்றார்.

தணிகாசலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்புக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அவன் எழுந்தான். முதலில் ஒதுக்கிய ஜாடியில், கண்ணைக் கடிக்கும் அந்தச் சாராயத்தில் விரலை நனைத்தான். உள்ளங்கையில் தேய்த்தான். கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது நல்லதா, ஆகாததா?"

அம்மா கையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார்.

அவன் முகத்தை அசைக்கவில்லை.

"மூஞ்சியை இப்படிக் கல்லு மாதிரி வச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும், சார்?" என்றார்.

*

"எப்போலேருந்து?"

"ஒரு காய்ச்சல் வந்துச்சு. நீங்க வர்றதுக்கு முந்தின மழைக்காலம். காய்ச்சல் போச்சு. மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு."

"நான் வர்றதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"அப்ப நான் வந்தப்பறம் நெரப்புன மூணு பீப்பாய்க்கும் ஜாடி மாத்துனது யாரு?"

"கை என்னுது."

"நேரம் பாத்தது?"

அம்மா கரி படிந்த விரலை நீட்டி அவன் புருவங்களுக்கு நடுவே வைத்தார்.

"இந்த எடத்துல ஒரு மடிப்பு விழும். நல்லது வந்ததும் தானா அவிழும். கடைசியில ஆகாதது வர்றதுக்குச் சித்த முன்னாடி மேல் உதடு லேசா ஏறும். உங்களுக்கே தெரியாது. நீங்க யோசிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள மூஞ்சி சொல்லி முடிச்சிரும்."

தணிகாசலத்தின் நெற்றியில் கரி ஒட்டியிருந்தது. அவன் துடைக்கவில்லை.

"என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"உங்களை நம்பி மூணு வருஷம் பீப்பாய் நெரப்பியிருக்கேன். ஏமாத்துறவ செய்யுற காரியமா இது?"

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க உக்காந்திருப்பீங்களா? அன்னைக்கே பையைத் தூக்கிட்டு ஓடியிருப்பீங்க."

அது உண்மை. அதனால் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது.

"தப்பாயிருந்தா? நான் நெத்தியைச் சுருக்குறது பல்வலியாலகூட இருந்திருக்கலாம். அதை நம்பி மூணு வருஷத்தை உள்ள ஊத்தி மூடி வச்சிருக்கீங்க."

"வாங்க" என்றார் அம்மா.

*

பின்னறை குளிர்ச்சியாக இருந்தது.

அவன் வந்த வருடத்துப் பீப்பாயின் அடைப்பை அம்மா தட்டி எடுத்தார். நீளக் கண்ணாடிக் குழலை உள்ளே விட்டு ஒரு மடக்கு எடுத்தார். கிளாஸில் ஊற்றி அவனிடம் கொடுத்தார்.

"தப்பைத் தேடுங்க."

அவன் மோந்தான். வாயில் வைத்தான். கண்ணை மூடினான். தேடினான். முன்பு செய்த வேலையில், தேடி எடுத்த தப்பை யாரிடமும் கொடுக்க முடிந்ததில்லை. இன்று கொடுக்கலாம். அதனால் விடாமல் தேடினான்.

"இருக்கா?"

"இல்லை."

"இன்னும் நல்லாத் தேடுங்க."

"இல்லம்மா."

"சரி, எப்படி இருக்கு?"

சோதிக்கிறார் என்று நினைத்தான். பதிலைக் கூர்மையாக்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

அவர் ஒரு கையைப் பீப்பாயின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த முகத்தில் சோதனை இல்லை.

அவருக்குத் தெரியாது. தன் வீட்டில், தன் கையால் நிரப்பிய பீப்பாய்க்குள் இருப்பது என்ன என்று இதுவரை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

தணிகாசலம் கிளாஸை மறுபடி மோந்தான். இந்த முறை மெதுவாக.

"பன்னீர் திராட்சைத் தோலை வெயில்ல காயப்போட்டா ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு வாசம் வருமே, அது இருக்கு."

"ம்."

"அதுக்குப் பின்னாடி ஏலக்காய். உள்ள இருக்கிற அரிசி இல்லை, மேல் தோலு."

"ம்."

"மரம் இன்னும் முழுசா உள்ள எறங்கலை. வாசப்படியில நிக்குது. தொண்டையில எரிச்சல் இருக்கு. ஆனா கோவம் இல்லை."

அம்மா தலையசைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

அவன் சொன்னான்.

*

திரும்பி வந்தபோது குழாயில் நூல் மெலிந்திருந்தது. அடுத்த மாற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் முக்காலியில் உட்கார்ந்தான். அம்மா எதிரே நின்றார்.

அவன் சொட்டைத் தேய்த்து மோந்தான். நெற்றி சுருங்குவது அவனுக்கே தெரிந்தது. உடனே தளர்த்தினான். தளர்த்தியது தப்போ என்று மறுபடி சுருக்கினான். உதடு ஏறியதா இல்லையா என்று நாக்கால் தொட்டுப் பார்த்தான். எந்த வாசமும் உள்ளே போகவில்லை.

"போதும்" என்றார் அம்மா. "இனிமே இந்த மூஞ்சி எனக்கு ஒதவாது."

"ஏன்?"

"எனக்காக வேலை பாக்க ஆரம்பிச்சிருச்சு."

காலி ஜாடியை அவன் மடியில் வைத்தார். அடுப்புப் பக்கம் போய் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஒரு விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தார்.

"அம்மா."

"ம்."

"நான் தப்புப் பண்ணிட்டா?"

"வேற கொப்பரை இல்லை. பதினஞ்சு வருஷம் கழிச்சு இந்த வீட்டுல ஒரு வருஷம் உலை ஏறாது. என் பொண்ணு வைவா."

"உங்களைத்தானே?"

"நான் இருந்தா என்னை. இல்லேன்னா உங்களை."

அவன் சிரிக்கவில்லை. ஜாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

சொட்டு விழுந்துகொண்டிருந்தது. மோந்தான். பழம். இன்னும் பழம். பழத்துக்கு அடியில் வேறு எதுவோ. இல்லை, பயம்தான். மறுபடி பழம்.

"சித்த இங்க திரும்புங்களேன்" என்றான்.

அவர் திரும்பவில்லை.

"சார், உங்களை ஒண்ணு கேக்கணும்" என்றார், தீயைப் பார்த்தபடி. குரல் வேறு மாதிரி இருந்தது. "ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்க."

"மாமனார் மருந்து தொடலை. அவர் மகன் தொடலை. நானும் தொடலை. அது சரின்னுதான் இருந்தேன். ஆனா இந்த வருஷம் ஒரு கொப்பரைதான் தேறுச்சு. அடுத்த வருஷம் அதுவும் தேறலேன்னா?"

அவன் உள்ளங்கையை முகர்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒச்சப்பண்ணன் வேலியில வந்து நிக்கும்போது வாயை அடைச்சு அனுப்பிடறேன். ராத்திரி படுத்தா அந்த ஆளு சொன்னதுதான் திரும்பத் திரும்ப வருது. ஒரே ஒரு தடவை அடிச்சா என்னன்னு தோணுது. அடிச்சா அப்பறம் அந்த வரிசையில ஒரு பீப்பாய் வேற சாதியாயிரும்னும் தோணுது. நெசமாத்தான் கேக்கறேன், சார். எனக்கு இதுல ஒண்ணும் தெரியலை. எனக்குச் சொல்றதுக்கு வீட்டுல யாரும் இல்லை. அடுத்த வருஷம் நாம என்ன பண்ண—"

"கொஞ்சம் பேசாம இருங்க."

அம்மா நிறுத்தினார். அந்தக் கொட்டகையில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

தணிகாசலத்தின் இடது கை நிறைந்த ஜாடியை இழுத்தது. வலது கை காலி ஜாடியை அந்த இடத்தில் வைத்தது. நடுவில் ஒரு சொட்டும் தரையில் விழவில்லை.

நிறைந்த ஜாடியை மூடினான். தள்ளி வைத்தான். கையைத் துண்டில் துடைத்தான்.

"ம், இப்பச் சொல்லுங்க" என்றான்.