அவுக பூ

பொதிகை மலையடியில் குற்றாலிங்கப் புலவர் என்று ஒருவர் இருந்தார். வயது அறுபத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு. சிரிக்க வேண்டாம், நடந்தது அப்படித்தான்.

காலில் ஆறாத புண்ணோடு மலைக்கு வந்தவர் அவர். மூன்று ஊர் வைத்தியர்கள் பார்த்துவிட்டு, முழங்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று கைவிரித்துவிட்டார்கள். பேராச்சி என்கிற மருத்துவச்சிதான், பாறை இடுக்கில் பூத்துக் கிடந்த ஒரு நீலப் பூச்செடியின் இலையை அரைத்துக் கட்டினாள். நாற்பத்தெட்டாம் நாள் புலவர் நடந்தார். நடந்து வீட்டுக்கா போனார்? அவள் காலில் விழுந்து, "அம்மா, எனக்கும் சொல்லிக்கொடுங்க" என்று அங்கேயே தங்கிவிட்டார்.

ஆறு வருஷம் ஆயிற்று. மலையில் பூக்கிற காட்டுப் பூவுக்கெல்லாம் பேர் எப்படி வந்தது என்று ஊர் ஊராய்க் கதை கேட்டு, ஓலையில் பாட்டாக எழுதிவைத்தார். விடிந்தால் மடத்தில் அரங்கேற்றம். எழுதியவரே சபை நடுவில் நின்று வாசிக்க வேண்டும். ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி. அந்த நீலப் பூவுக்குப் பேரே இல்லை.

"அம்மா, அதுக்கு உங்க பேரையே வைக்கப் போறேன்" என்றார்.

பேராச்சி வேர் கழுவிக்கொண்டிருந்தாள். "எதுக்கு?"

"உங்களுக்குப் பிள்ளையா குட்டியா? நூறு வருஷம் போனா, இப்படி ஒரு மகராசி இருந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? நான் இருக்கிற வரைக்கும் என் கால் சொல்லும். அதுக்கப்புறம்?"

அவள் வேரை உதறினாள். "அவுக பூவுக்கு என்ன எழுதியிருக்கீக?"

அவுக பூ என்பது வயல் வரப்பில் பூக்கிற மஞ்சள் பூ. மாட்டுக்குக் கோமாரி வந்து குளம்பு வெந்தால், அந்தப் பக்கத்து ஜனங்கள் அதைத்தான் தேடி ஓடுவார்கள்.

புலவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அது தேவலோகத்துப் பூ அம்மா. ஒரு தேவகன்னி தன் காதலனைத் தேடி வந்து, வரப்பிலே உட்கார்ந்து..."

"தேவகன்னி வரப்புல எதுக்கு உட்காருதா? சேறு ஒட்டாதா?"

புலவர் தலையைச் சொறிந்தார்.

"சங்கன்னு ஒரு உழவர்" என்றாள் பேராச்சி. "ஊர் மாடெல்லாம் குளம்பு வெந்து விழுந்தப்போ, அந்தப் பூவைக் கண்டுபிடிச்சது அவர்தான். இனிமே இது சங்கன் பூன்னு ஊரே கூடித் தமுக்கடிச்சுச் சொல்லிச்சு. மறுவருஷம் பாம்பு தீண்டிப் போய்ச் சேர்ந்துட்டார். அவர் பொண்டாட்டி மாடத்தி. எந்தத் தொழுவத்துல மாடு நொண்டினாலும், பூவை மடியில கட்டிக்கிட்டு அவ போய் நிப்பா. நாப்பது வருஷம் நடந்தா. என்ன பூ இதுன்னு கேப்பாக. புருஷன் பேரை எப்படிச் சொல்லுவா? 'அவுக பூ'ம்பா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஊரும் அதையே சொல்லிச்சு."

புலவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி மகளே! ஊர் தமுக்கடிச்சு வச்ச பேரைக் கட்டினவளே முழுங்கிட்டாளே! ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தா அந்த மனுஷன் பேர் நின்னிருக்குமே!"

"அதுவும் சரிதான்" என்றாள் பேராச்சி. "நீங்க உங்க பாட்டை எழுதுங்க."

புலவருக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்தாணியை எடுத்து, 'பேராச்சிப் பூ' என்று தொடங்கி நாலு வரியையும் ஒரே மூச்சில் கீறி முடித்தார். எழுத்துத் தெளியக் கரியும் மஞ்சளும் தடவி, ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, ஆட்டுக் கிடை போட்டிருக்கிற வெயிலுமுத்துக் கீதாரி மூச்சிரைக்க மலையேறி வந்தார். கிடையில் முப்பது ஆட்டுக்குக் காலில் புண்ணாம். மூன்று ஆடு காலையிலேயே செத்துப்போயிற்றாம்.

பேராச்சி எழுந்திருக்கவில்லை. "புலவரே, நீங்க காட்டுங்க."

புலவர் கீதாரியைப் பாறைக்குக் கூட்டிப்போனார். நீலப் பூச்செடியைக் காட்டி, இலையை அரைக்கிற பக்குவம், கட்டுகிற விதம் எல்லாம் சொன்னார். கீதாரி ஒரு கை பறித்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லுங்க ஐயா. கிடையில இருக்கிறவுகளும் தேடிப் பறிக்கணும்ல?"

புலவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

குருவின் பேரைச் சீடன் வாயால் சொல்வதில்லை. அது அவர் பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம். இந்த ஆறு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கை எழுதிவிட்டது. நாக்கு புரளமாட்டேன் என்கிறது. எச்சிலை விழுங்கிவிட்டு இன்னொரு தடவை முயன்றார். வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

"என்ன ஐயா, மறந்துட்டீகளா? அங்கே ஆடு செத்துக்கிட்டிருக்கு!"

"அம்மா பூ" என்றார் புலவர்.

"அம்மா பூ, அம்மா பூ" என்று சொல்லிக்கொண்டே கீதாரி இறங்கி ஓடினார். சற்று நேரத்தில் கிடையில் இருந்தவர்களும் அதையே ஒருவருக்கொருவர் கூவிக்கொண்டு பாறை பாறையாய்த் தேடுவது மேலே கேட்டது.

புலவர் வந்து குருவின் முன்னால் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஓலையை நீட்டினார்.

"கெடுத்துட்டேன் அம்மா. உங்க பேரை நானே கெடுத்துட்டேன். நாளைக்குச் சபையில இதை எந்த வாயால வாசிப்பேன்?"

பேராச்சி ஓலையை வாங்கவில்லை. கழுவிய வேரை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தாள்.

"சங்கன்னு அந்த ஊர்ல ஏழு பேர் இருந்தாக, புலவரே" என்றாள். "மாடத்தி அவுகன்னு சொன்னது ஒருத்தரைத்தான்."