கொம்பன் விழுந்த இடம்

அது, டிவிப் பெட்டிகளுக்கு முதுகு பெருத்திருந்த காலம். அந்தக் காலத்தில் விளையாட்டுக் கேசட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே இருந்தவர்களோடு பேசுவார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நரியும் காகமும் பேசியதை ஒப்புக்கொண்டவர்கள் இதற்கு மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

தென்காசியில் தமயந்தி என்று ஒரு பி.டி. டீச்சர் இருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தின் வாலிபால் டீம் அவள் பொறுப்பு. எகிறி அடிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போய், தப்பாகக் கால் ஊன்றி எலும்பை முறித்துக்கொண்டாள். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஒரு இடத்தில் உட்கார்ந்தே பழகாதவள், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் என்ன ஆவாள்? காப்பியில் சர்க்கரை கூட, சட்னியில் உப்பு குறைவு என்று கணவனைப் பிடுங்கி எடுத்தாள். அந்தக் கணவன் குணசீலன் நல்ல மனிதன். அவளுக்குப் பொழுது போகட்டும், தனக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கட்டும் என்று மைதீன் பாய் கடையில் ஒரு விளையாட்டுப் பெட்டியும் கேசட்டும் வாங்கிவந்து டிவியில் மாட்டிவிட்டான்.

கேசட்டின் பெயர் ‘எட்டுமலைக் கோட்டை’. சின்னான் என்று ஒரு பொடியன். அவனை எட்டு மலை தாண்டிக் குதிக்கவைத்து, உச்சிக் கோபுரத்தில் இருக்கும் கொம்பன் என்ற அரக்கனை அடித்து, அவன் அடைத்து வைத்திருக்கும் மயிலை விடுவிக்க வேண்டும். சின்னானோடு பேச முடியாது. ஓடி ஓடி அவனுக்கு எப்போதும் மூச்சு வாங்கும். மயில் தன் தோகையைப் பற்றித் தவிர வேறு எதையும் பேசாது. கொம்பன்தான் பேச்சுக்காரன்.

தட்டுத்தடுமாறி முதல் தடவை தமயந்தி கோபுரத்துக்கு வந்து சேர்ந்தபோதே, “வாங்க டீச்சர், காலு எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“ஏல, என் காலு உனக்கு எப்படித் தெரியும்?”

“நல்லாக் கேட்டீய. உள்ள இருந்து பாத்தா நீங்கதானே எனக்கு டிவி.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த நேரத்தில் ஒரு நெருப்பு உருண்டையை வீசிச் சின்னானைச் சாய்த்துவிட்டான் கொம்பன். அவனுடைய குணமே அதுதான்.

அதிலிருந்து தினமும் இதே கூத்து. காலையில் குணசீலன் வேலைக்குக் கிளம்பியதும் பெட்டியைப் போடுவாள். மலை மலையாகத் தாண்டிப் போவாள். கொம்பன் காத்திருப்பான். சண்டைக்கு நடுவே ஊர்க்கதை பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் யார் யார் தன்னைப் பார்க்க வரவில்லை என்று அவள் குறைப்பட்டுக்கொள்வாள். அவன் ‘விடுங்க டீச்சர்’ என்பான். கடைசியில் அவன்தான் ஜெயிப்பான். தோற்ற கோபத்தில் அவளுக்குச் சுவரும் மறந்தது, காலும் மறந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வலி நாட்களில் அவளை மனுஷியாக வைத்திருந்தது கொம்பன்தான்.

திங்கட்கிழமை மாவுக்கட்டைப் பிரித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் கொம்பனை ஜெயித்துவிட வேண்டும் என்று தமயந்தி முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குணசீலன் அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தபோது, அந்த நேரம் வந்தது. கொம்பன் கோபுரத்தின் விளிம்பில் நின்றான். இன்னும் ஒரே அடி. அவன் கையிலிருந்த தடியைக் கீழே போட்டான்.

“டீச்சர், கொஞ்சம் பொறுங்க. அடிச்சிட்டீயன்னா முடிஞ்சிரும்.”

“முடியணும்னுதானே அடிக்கேன்.”

“உங்களுக்கு முடியும். நாளைக்குக் கட்டைப் பிரிச்சிட்டு கிரவுண்டுக்குப் போயிருவீய. நான் என்ன செய்வேன்? பாய் கடை அலமாரியில ஆடி முடிச்சுத் திருப்பிக் குடுத்த கேசட்டுக நெறைய கெடந்துச்சு. நான் அங்கன இருந்தப்ப கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். உள்ள இருந்து ஒருத்தனும் ஏன்னு கேக்கல.”

தமயந்தியின் கட்டைவிரல் பட்டன்மேல் அப்படியே நின்றது. பெட்டியை அணைத்துவிட்டுப் போகலாமா என்று பார்த்தாள். அணைத்தாலும் பரண்மேல் கிடந்து தனியே புலம்பப்போகிறவன்தான். வேண்டுமென்றே தோற்றுவிடலாமா?

“விட்டுக்குடுத்துத் தோத்தா அதுக்குப் பேரு விளையாட்டாலே?”

“அது எனக்குமே அசிங்கம் டீச்சர்” என்று கொம்பனும் ஒப்புக்கொண்டான்.

சின்னான் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“எங்க டீம் போன வருஷம் ஃபைனல்ல தோத்துச்சு” என்றாள் தமயந்தி. “செத்தா போனாளுவ? இந்த வருஷமும் வந்து நிக்கத்தானே செஞ்சாளுவ?”

“அது வெளியில. உள்ள ‘முற்றும்’னுல்லா போட்டுருவாங்க.”

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். கோபுரத்துக்குக் கீழே ஒரே வெள்ளையாக இருந்தது.

“ஏல கொம்பா, கீழ என்ன இருக்கு?”

கொம்பன் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தான். “பனி. அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல டீச்சர். வரையவே இல்ல.”

“வரையாத எடத்துல விழுந்து எப்படிலே சாவே?”

கொம்பன் மறுபடி கீழே எட்டிப் பார்த்தான்.

“நான் அடிக்கேன். நீ கோபுரத்து மேல விழாத. பின்பக்கமாப் போயிரு. நீ தரையில விழுந்ததை ஒருத்தரும் பாத்திருக்கக் கூடாது. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

“வருவீயளா?”

“ரிட்டர்ன் மேட்ச் குடுக்காம நான் எந்த டீமையும் விட்டதில்ல.”

அடித்தாள். கொம்பன் பின்பக்கமாகச் சாய்ந்து பனிக்குள் போனான். விழுந்த சத்தம் கேட்கவில்லை. மயில் பறந்தது. ‘முற்றும்’ என்று எழுத்து வந்தது. இத்தனை நாள் ஆசைப்பட்ட வெற்றி, ஆனால் அன்றைக்கு அவளுக்கு ரசம்கூட இறங்கவில்லை.

கட்டைப் பிரித்தார்கள். நடந்தாள், பிறகு ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள். இடையில் கேசட்டை மறுபடி போட்டும் பார்த்தாள். கோபுரத்தில் கொம்பன் நின்றான். நெருப்பு உருண்டையும் வீசினான். பேச்சு மட்டும் இல்லை. அது கொம்பனின் போட்டோ, கொம்பன் அல்ல என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயந்துபோனாள். ஒருவேளை பனிக்குக் கீழே தரை இருந்திருந்தால்?

நேரே மைதீன் பாய் கடைக்குப் போனாள். “இதுக்கு அடுத்தது வந்திருக்கா பாய்?”

“அடுத்ததா? அதான் முடிஞ்சுபோச்சே டீச்சர்” என்றார் பாய்.

“அவன் விழுந்ததை நீங்க பாத்தீயளா?”

பாய் யோசித்தார். அவரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கும் அது உறுத்த ஆரம்பித்தது. எட்டுமலைக் கோட்டை ஆடியவர்கள் யார் கடைக்கு வந்தாலும் “அவன் விழுந்ததைப் பாத்தியளா?” என்று கேட்டார். கேட்கும்வரை நிம்மதியாக இருந்தவர்கள் கேட்டபின் தூக்கத்தைத் தொலைத்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து, சரக்கு கொண்டுவரும் ஆளிடம் நச்சரித்தார்கள். அவன் போய்க் கேசட் செய்கிற முதலாளியிடம் நச்சரித்தான். முதலாளி தலையைச் சொறிந்தார். அரக்கன் எங்கே விழுந்தான் என்று அவர் யோசித்ததே இல்லை. சரி, வரைந்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தார்.

அடுத்த சாரல் காலத்தில் ‘எட்டுமலைக் கோட்டை - 2’ வந்தது. தமயந்தி நனைந்துகொண்டே போய் முதல் ஆளாக வாங்கி வந்தாள்.

குணசீலன் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தான். “ஏட்டி, இது போன தடவை ஆடுனதுதானே? அதே மலை, அதே குதி. வானத்துக்கு மட்டும் வேற பெயிண்ட் அடிச்சிருக்கான். இதுக்குப்போய் துட்டைக் குடுத்தியே!”

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தமயந்தி மலை மலையாகத் தாண்டினாள். விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது, நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. குணசீலன் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனான்.

கோபுரம் வந்தது. காலியாக இருந்தது. பிறகு விளிம்பில் ஒரு கை தெரிந்தது. பனிக்குள்ளிருந்து இன்னொரு கையும் வந்தது. ஒரு கொம்பு ஒடிந்து, கால் தாங்கித் தாங்கி, கொம்பன் மேலே ஏறி வந்தான். அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். விழுந்த வேகத்தில் பேச்சு எங்கேயோ உதிர்ந்துபோயிருந்தது. ‘ஹஹ்ஹஹ்ஹா’ என்று சிரிப்பு மட்டும்தான் வந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஏல, காலு எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

கொம்பன் நெருப்பு உருண்டையை வீசினான்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. “ஏட்டி,” என்று குணசீலனின் குரல் மட்டும் வந்தது, “இருக்கானா?”

“இருக்கான்.”

“அப்பாடா” என்றான் குணசீலன்.

அந்தச் சாரல் காலத்திலிருந்துதான் விளையாட்டு அரக்கர்கள் பேசுவதை விட்டுவிட்டுச் சிரிக்க மட்டும் செய்கிறார்கள். எந்த அரக்கனும் தரையில் விழுவதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆட்டக்காரர்களும் அன்று முதல், ஒன்பதாம் பாகமோ பத்தாம் பாகமோ, ‘அதே மலை, அதே குதி, விலையை மட்டும் ஏத்திட்டான்’ என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வாங்கிப்போய், கடைசிக் கோபுரம் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, அவன் இருக்கிறான் என்று பார்த்த பிறகுதான் மூச்சை விடுகிறார்கள்.