ஒரு வாசலுக்கு இரண்டு பேர்

கண்ணுக்குத் தெரியாத கிருமிகூட வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு பாக்டீரியாவின் வயிற்றுக்குள் மாடத்தி, சுடலி என்று அக்காள் தங்கை இருந்தார்கள். இரண்டு பேரும் புரதப் பெண்கள், ஒரே அச்சில் வார்த்தவர்கள். முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. காவலுக்கு யார் கெட்டிக்காரி என்பதில் வந்த சண்டை.

காவல் என்றால் லேசுப்பட்டதில்லை. அந்த வீட்டில் டி.என்.ஏ. என்றொரு முறுக்கு நூல், ஓடி ஓடி முடியாத நீளம். எப்போதோ உள்ளே நுழைந்த வைரஸ் ஒன்று தன் நூலை அதோடு ஒட்டவைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அது எழும்பினால் நூறு குட்டி போட்டு, வீட்டையே வெடிக்கவைத்துவிட்டுப் போய்விடும். அது எழும்பாதபடி, அதன் நூலில் இருக்கும் வாசலை அடைத்துக்கொண்டு எப்போதும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாசலுக்கு ஒருத்தி, அதுதான் வழக்கம். விழுந்தும் எழுந்தும் தனியாகவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் அன்று தேய்ந்து உதிர்ந்துபோனாள். மாடத்தியின் முறை வந்தது.

ஐயோ, அவள் பட்ட பாடு. வாசல் இதுதான் என்று விளக்கா ஏற்றி வைத்திருக்கிறார்கள்? நூலின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனாள். முறுக்குக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் விரலை விட்டு, மேடும் குழியுமாகத் தடவித் தடவிப் பார்த்தாள். இது இல்லை, இதுவும் இல்லை. வைரஸ் புரண்டு படுப்பது நூல் வழியே விரலுக்குத் தெரிந்தது.

கடைசியில் விரல் ஓரிடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. அப்பாடா என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், வீட்டுக்குள் ஓயாமல் தளும்பும் நீரிலிருந்து ஒரு அலை வந்து தூக்கி எறிந்தது. மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். இடமே தப்போ என்று பயம் வந்துவிட்டது. வேறு இடம் தேடலாமா? தேடுவதற்குள் அது எழும்பிவிட்டால்?

சந்தேகத்தோடு ஒரு முறுக்கு தள்ளித் தடவினாள். அங்கேயும் அதே மேடு, அதே குழி, கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி இருந்தது. இங்கே பிடித்தால் அங்கே எட்டாது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசல் சரிதான். ஆள்தான் போதவில்லை.

சுடலி சற்றுத் தள்ளி மிதந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மாடத்தி வழக்கத்தையும் வீம்பையும் தூக்கிப் போட்டாள்.

“ஏட்டி சுடலி, எனக்குத் தனியா முடியல. வந்து அந்தப் பாதியப் பிடி.”

சுடலி இதற்காகத்தானே காத்திருந்தாள். பெரிய கெட்டிக்காரி என்று குத்திக்காட்ட வாயெடுத்தாள். அதற்குள் நூல் கிடுகிடுவென்று நடுங்கியது. எடுத்த வாயை மூடிக்கொண்டு ஓடி வந்தாள். தோளோடு தோள் ஒட்டி, கையைக் கோத்து, ஆளுக்கொரு பாதியில் விரலை விட்டார்கள். அலை வந்து மோதியது. அசையவில்லை. அடுத்த அலையும் வந்து போனது. நடுக்கம் மெல்ல அடங்கி, வைரஸ் திரும்பவும் அயர்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுடலி கேட்டாள். “அக்கா, கைய எப்ப விடலாம்?”

மாடத்தி பிடியை இன்னும் இறுக்கினாள்.

அன்று முதல்தான் அந்தக் காவல் புரதங்கள் ஜோடி சேர்ந்தே நூலில் ஏறுகின்றன. இன்றைக்கும் சுள்ளென்று வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் கோத்த கை அறுந்துபோகிறது. தனியானவள் வழுக்கி விழுகிறாள், உள்ளே தூங்கியது கண் விழிக்கிறது.