பனிமலை ஏரியும் பூலாங்குடித் தெப்பமும்

படம் விலைபோகவில்லை. அதுகூடப் பரவாயில்லை. எழுதியவனைத் திருடன் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவன் பெயர் தௌலத்ராம். வடக்கே பனிமலை அடிவாரத்துக்காரன். தெற்கே வந்து நாலு வருஷம் ஆயிற்று. நம் பேச்சைச் சுமாராகப் பேசுவான். கையில் மிஞ்சியது ஒரே ஒரு படம். அவன் ஊர் ஏரி. அந்தக் கரையிலேயே உட்கார்ந்து, துணியில் எண்ணெய் வண்ணத்தால் எழுதியது. நகல் கிடையாது. அதை விற்றால் குதிரை வாங்கலாம். ஐப்பசிக்குள் மலைக் கணவாயைத் தாண்டிவிடலாம். பிந்தினால் பனி மூடிவிடும். வீட்டைப் பார்க்க இன்னும் ஒரு வருஷம்.

அதனால்தான் பூலாங்குடி அரண்மனைக்கு வந்தான்.

ஊர் சின்னது. ஆனாலும் சொக்கலிங்க பூபதியை மகாராசா என்றுதான் கூப்பிட வேண்டும். பல்லக்கில் போவார். திரையை மட்டும் விலக்க மாட்டார். தூசி ஒத்துக்கொள்ளாதாம். அன்று வெள்ளரிப் பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அடைப்பக்காரர், அதாவது அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவர், நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

தௌலத்ராம் மூடியிருந்த துணியை விலக்கினான்.

கரை ததும்ப நீலத் தண்ணீர். பின்னால் வெள்ளை மலை. அதே மலை தண்ணீருக்குள் தலைகீழாக.

அரசர் இறங்கி வந்து மோந்து பார்த்தார்.

"என்னய்யா வாசனை?"

"ஆளி விதை எண்ணெய், மகாராஜ்."

"தாளிப்பீர்களா?"

"இல்லை மகாராஜ். வண்ணம் குழைப்போம்."

"ம்." கையில் பாதி வெள்ளரி. கடிக்க மறந்துவிட்டார். "என்ன விலை?"

"இருநூறு வராகன்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். மணியம் அம்பலவாணர். ஊர்ப் பெரிய ஏரி அவர் பொறுப்பு. அரண்மனைச் சுவரில் படம் எழுதுகிறவர் அவர் மைத்துனர். வெள்ளரிப் பிஞ்சும் அவர் கொண்டுவந்ததுதான்.

"மகாராசா ஏமாறக் கூடாது. வடக்காவது, பனியாவது! இது நம்ம பெரிய ஏரி. நம் கரையில் உட்கார்ந்து எழுதிவிட்டு, பின்னால் நிற்கிற கரட்டுக் குன்றுக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கிறான்."

"நம் ஏரியா? இவ்வளவு தண்ணீரா?"

"பின்னே? கரை ததும்புகிறதென்று மாசாமாசம் சொல்கிறேனே!"

அரசர் முகம் சுருங்கியது. "கூப்பிடு தூரத்து ஏரிக்கு இருநூறு வராகனா? திருட்டுப் பயலே!"

"சத்தியமாக எங்கள் ஊர், மகாராஜ். இதோ, இந்தப் பாறையில்தான் அம்மா துணி துவைப்பாள்."

"பாறை எந்த ஊரில் இல்லை? சாட்சி உண்டா?"

தௌலத்ராம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் ஊரைக் கண்டவர் அங்கே யார்? கடைசியில் அடைப்பக்காரர்தான் எழுந்து வந்தார். படத்தை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார்.

"மணியம் சொல்வது சரி. நம்ம ஏரியேதான்."

தௌலத்ராமுக்குக் குதிரை போயிற்று. கணவாய் போயிற்று. படத்தை மூடக் கை நீட்டினான்.

"இரு தம்பி, என்ன அவசரம்?" அடைப்பக்காரர் அரசர் பக்கம் திரும்பினார். "மகாராசா, மூன்று வருஷமாகத் தெப்பத் திருவிழா நடக்கவில்லை."

"தெப்பம் செல்லரித்துவிட்டது என்றாரே மணியம்?"

"தச்சர் போன மாதமே சரிசெய்துவிட்டார். ஏரி இப்படித் ததும்பும்போது சாமியைக் கோயிலுக்குள் பூட்டி வைப்பது நியாயமா? நாளைக்கே விடுவோம். வழக்கப்படி மகாராசா சாமி பக்கத்தில் உட்காரட்டும். மணியம் முன்னால் நின்று வழி சொல்லட்டும்."

"பேஷ்! நாளைக்கே!"

மணியம் குறுக்கிட்டார். "நாளைக்கா? நாள் சரியில்லையே!"

மூலையிலிருந்து ஜோசியர் சொன்னார்: "முதல் தரமான நாள்."

"காற்று பலமாக..."

"படத்தில் ஓர் அலைகூட இல்லையே, மணியம்?" என்றார் அடைப்பக்காரர்.

"முதலை..."

"நம் ஏரியில் முதலையா? எப்போதிருந்து?" என்றார் அரசர்.

"அது வந்து... தெப்பம் மிதக்குமோ என்னவோ..."

"கரை ததும்புகிற தண்ணீரில் மிதக்காமல்?"

மணியம் தடாலென்று அரசர் காலில் விழுந்தார். "மகாராசா! இது நம் ஏரி இல்லை! வடக்கத்தி ஏரிதான்! பனிதான்! சத்தியமாகப் பனிதான்!"

"அப்படியா? நம் ஏரியில் எவ்வளவு தண்ணீர்?"

"கிழக்கு மூலையில்... கணுக்கால் அளவு."

"மீதி இடத்தில்?"

அடைப்பக்காரர் அரசரின் கையைக் காட்டினார்.

"கடித்துக்கொண்டிருக்கிறீர்களே மகாராசா, அதுதான்."

அரசர் வெள்ளரியைப் பார்த்தார். மணியத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், சிம்மாசனத்துக்குத் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருநூறு வராகன் அப்போதே கைக்கு வந்தது. படத்தை மணியம் உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டச் சொன்னார் அரசர். "ஏரியைத் தூர் வாரும். இதுபோல் ததும்பினால்தான் உம்மை விடுவேன். பனிமலையை மட்டும் மன்னித்தேன்."

அடைப்பக்காரருக்கு அரசர் கழுத்திலிருந்த முத்துமாலை. அவர் அதை வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, மறுபடி நரம்பு கிள்ள உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் குதிரையோடு வாசலில் நின்ற தௌலத்ராம் அவரை மறித்தான். "உங்கள் ஏரி என்று ஏன் சொன்னீர்கள், ஐயா? எனக்கு உயிரே போய்விட்டது."

"உன் ஏரியைப் பார்த்தவர் இங்கே ஒருவரும் இல்லை. எங்கள் ஏரியைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவரை உனக்குச் சாட்சியாக்கினேன். கிளம்பு, பனி காத்திருக்காது."

"அம்மாவிடம் சொல்ல வேண்டும். உங்களை எல்லோரும் அடைப்பக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் என்ன, ஐயா?"

அவர் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"பேச்சிமுத்து."