ஏழு நிமிஷக் கடல்

மெதுவாக நகரும் படங்களை எடுத்தே வெளிநாட்டு விருதுகளைக் குவித்த இயக்குநர் கபிலவாணன், ஒரு மீனவ ஊருக்குப் படமெடுக்க வந்து இறங்கினார். எட்டுப் பேரோடு போன விசைப்படகு ஒன்று பதினேழு நாளாகத் திரும்பாத ஊர் அது. நிஜமான துயரம் கிடைத்ததில் அவருக்குப் பரம திருப்தி.

அந்தப் படகில் புருஷனை அனுப்பிய அமலோற்பவத்தைக் கரையில் உட்கார வைத்தார்.

"ஏழு நிமிஷம் கண் இமைக்காம கடலையே பாக்கணும். கடைசியில ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர். பொறுமையில்லாதவன் என் படத்துக்கு வரவே வேண்டாம்!"

கேமரா ஓடியதும் அவள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, உன் புருஷன் போனது அந்தப் பக்கம்!"

"கடலைப் பாத்துக்கிட்டே உக்கார்றது ஊர் சுத்திப் பாக்க வர்றவங்க, சார். கடலா எங்களுக்குச் சேதி சொல்லுது? ஆள் கிடைச்சாலும் பொணம் ஒதுங்கினாலும் ஜீப்புல வந்துதான் சொல்லுவாங்க. நாங்க பாக்கிறது ரோட்டை."

"இதை யாரும்மா நம்புவா?"

"பொறுமை வேணும்னீங்களே சார். ஏழு நிமிஷம் பொறுங்க."

வெள்ளை மணல், காலி ரோடு, அவள் முகம். காட்சி என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டாவது நிமிஷமே இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐந்தாவது நிமிஷம் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. அமலோற்பவம் எழுந்தாள். படகில் போன மற்ற ஏழு பேரின் பெண்டாட்டிகளும் காயவைத்துக்கொண்டிருந்த கருவாட்டை விட்டு எழுந்தார்கள்.

ஜீப் நின்றது. படப்பிடிப்புக்காரர்களுக்குப் பிரியாணி இறங்கியது.

பெண்கள் ஒவ்வொருத்தராக மறுபடி உட்கார்ந்தார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏழு நிமிஷம் ஆயிடுச்சா, சார்?" என்று கேட்டாள் அமலோற்பவம்.