குளத்துக்குச் சாட்சி சொல்ல வராதவர்கள்

முன்னொரு காலத்தில் வெண்கோட்டை நாட்டை மல்லதேவன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதைவிட, நடந்துகொண்டே இருந்தான் என்று சொல்லலாம். சிம்மாசனத்தில் ஒரு நொடி உட்காரமாட்டான் மனுஷன்!

அந்த வருஷம் ஊரில் வாந்திபேதி பரவியது. அமைச்சர் பூவராகர் பெரிய குளத்தை அடைத்துவிட்டார். கிணற்றுத் தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று பறையறைந்தார். ராஜாவுக்கோ மறுநாள் அந்தக் குளத்திலே தெப்பம் விட்டாக வேண்டும்.

"குளத்தைத் திறக்கலாமா, கூடாதா? சீக்கிரம்!" என்று சபையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

பூவராகரைக் கண்டாலே தளவாய் நாகமுத்துவுக்கு வயிறு எரியும். குதித்து எழுந்தார். "மகாராஜா! என் தாத்தா அந்தத் தண்ணீரைக் குடித்தே தொண்ணூறு வயசு வாழ்ந்தார். இன்றைக்குக் குளத்தை அடைப்பவர் நாளைக்கு நம் வாயையும் அடைப்பார். அதுவும் யார்? நாலு நாளாகத் தும்மிக்கொண்டிருக்கும் இவரா நமக்கு ஆரோக்கியம் சொல்வது?"

சபை கொல்லென்று சிரித்தது. பூவராகர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் தும்மலால் குளம் சுத்தமாகிவிடாது, தளவாயே. சாட்சி இருக்கிறதா?"

"ஏன் இல்லை?" தளவாய் கைதட்டினார். தாட்டியான ஆட்கள் திமுதிமுவென்று வந்தார்கள். "குடித்தோம், குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம்!" என்றார்கள்.

"உம்ம சாட்சி எங்கேயய்யா?" என்று பறந்தான் ராஜா.

பூவராகர் கட்டியக்காரனுக்குக் கண் காட்டினார்.

"மேலத்தெரு பொன்னாயி!" என்று கூவினான் அவன். வாசலில் யாருமில்லை.

"தச்சன் அழகப்பன்!" யாருமில்லை.

தளவாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பார்த்தீர்களா! குளத்துக்கு எதிராக ஒரு ஆள்கூட வரவில்லை!"

"ஓடக்காரன் சடையன்!"

ராஜா சட்டென்று நின்றான். "சடையனா? நாளைக்கு என் தெப்பத்தைத் தள்ள வேண்டியவனாச்சே! அவனுக்கென்ன, கூப்பிட்டால் வருவதற்கு?"

பூவராகர் கட்டியக்காரனைக் கையமர்த்தினார். "வெள்ளிக்கிழமை அடக்கம் செய்துவிட்டோம், மகாராஜா. குடித்துப் பிழைத்தவர்களைத்தான் தளவாய் கூட்டி வந்தார். குடித்துச் செத்தவர்கள் எப்படி வருவார்கள்?"

மல்லதேவன் சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தே இருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

அப்புறம் ஒரு செம்பு குளத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தளவாயிடம் நீட்டினான். "உன் தாத்தா குடித்ததுதான். குடி."

தளவாயின் கை முன்னே வரவில்லை. தலைதான் குனிந்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகர் கழுத்தில் போட்டான். "தெப்பத்தைப் பிரியுங்கள். அத்தனையும் ஊர் தண்ணீர் காய்ச்ச விறகாகட்டும். வீடு வீடாகச் சுமக்கப்போவது தளவாய்."

நாகமுத்து முதல் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "எந்த வீட்டுக்கு?" என்று முனகினார்.

"சடையன் வீட்டுக்கு," என்றான் ராஜா. "அவன் பெண்டாட்டி பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்."