நாலு பங்காய்ப் பார்த்த படம்

ஊத்துக்காட்டுப்பாளையத்து அண்ணன் தம்பிகளைப் பற்றி நான் சொன்னால், இட்டுக்கட்டுகிறேன் என்பார்கள். இட்டுக்கட்டும் அளவுக்கு எனக்கு மூளை கிடையாது. அவர்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். சிரிப்பதும் சிரிக்காததும் உங்கள் பாடு.

மூத்தவர் ராக்கியப்பன். அடுத்தவர் நாச்சிமுத்து. மூன்றாமவர் சென்னியப்பன். கடைக்குட்டி குழந்தைவேலு, பெயர்தான் குழந்தை, தலையெல்லாம் நரைத்தாயிற்று. அப்பா விட்டுப்போன காட்டை நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாதே? அதனால் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் வாய்க்காலில் காலைக்கூட நனைக்க மாட்டார். இந்த ஏற்பாட்டால்தான் குடும்பத்தில் சண்டையே வரவில்லை என்று ராக்கியப்பன் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

இவர்களுக்கு ஒரே தங்கை, மயிலாத்தாள். காங்கேயத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை தெய்வசிகாமணி அரிசி மில் வைத்திருப்பவர். மில் பெரிதுதான், ஆனால் அவருடைய முறுக்கு அதைவிடப் பெரிது.

போன மாரியம்மன் நோம்பிக்கு வந்தவர், சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நாங்க கெளம்பறோமுங்" என்றார். மாப்பிள்ளை கிளம்புகிறேன் என்றால் கையைப் பிடித்து, 'இருந்து நாளைக்குப் போலாமுங்' என்று நிறுத்த வேண்டும். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நம் ஆட்களோ, மாப்பிள்ளை வாயால் சொல்லிவிட்டாரே என்று ஆளுக்கொரு பையைத் தூக்கிக் காரில் வைத்து, கதவையும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழந்தைவேலு ரோட்டுக்கு ஓடிப்போய், குறுக்கே வந்த எருமைகளை மறித்து வழிவிட்டார்.

அன்றோடு மாப்பிள்ளையின் வரத்து நின்றது. அவர் வராமல் மயிலாத்தாள் மட்டும் எப்படி வருவாள்? அவளும் நின்றுபோனாள்.

இந்த நிலையில் மாப்பிள்ளையின் மில்லில் ஒரு சினிமா ஷூட்டிங் நடந்தது. இடம் கொடுத்தவருக்கு ஒரு வேடமும் கொடுத்தார்கள். படம் தியேட்டருக்குப் போகாமல் நேராக ஓடிடியில் வரப்போவதாகச் செய்தி. மயிலாத்தாள் போன் செய்தாள்.

"அண்ணா, படத்தைப் பாத்துப்போட்டு நீங்க நாலு பேரும் நேருல வந்து, அவரு எப்படி நடிச்சிருக்காருன்னு சொல்லோணுமாம். அது மனசுக்குப் புடிச்சிருந்தாத்தான் நோம்பிக்கு வருவாராம். இந்தத் தடவையாச்சும் கெடுத்துப்போடாதீங்கண்ணா. எனக்கு நம்மூட்டு வாசல மிதிக்கோணும்."

சொல்லிவிட்டு அழுதாள். நாலு அண்ணன்களும் போனைச் சுற்றி நின்று அழுதார்கள். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது அவர்களை.

ராக்கியப்பனின் மகள் சிந்துஜா கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள் வந்து, பெரிய வீட்டு டிவியில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள். சித்தப்பாக்கள் மூவரும் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார்கள்.

"அப்பா, ஒரே அக்கவுண்ட்தான். நாலு பேரும் சண்டை போடாம பங்கு போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அவள் மேல் தப்பில்லை. மனிதர்களிடம் பேசுவதுபோல் பேசிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே பங்கு பேச உட்கார்ந்தார்கள்.

"அண்ணா, கெணத்துல நாள் கணக்கு. படத்துல என்ன கணக்கு வெக்கிறது?" என்றார் நாச்சிமுத்து.

"படம் ஓடறப்ப அடியில ஒரு செவப்புக் கோடு போகுது பாத்தியா? அதான் வாய்க்கா" என்றார் ராக்கியப்பன். "அதை நாலா வகுந்தா முடிஞ்சுது."

சணல் கயிறு கொண்டுவந்து அந்தக் கோட்டை அளந்தார்கள். கயிற்றை நாலாக மடித்தார்கள். மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் டிவி கண்ணாடியில் ராக்கியப்பன் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார்கள். அதுதான் எல்லைக்கல். முதல் பொட்டு வரை மூத்தவர், அடுத்த பொட்டு வரை நாச்சிமுத்து, மூன்றாவது பொட்டு வரை சென்னியப்பன், மிச்சம் கடைக்குட்டிக்கு. ஒருவர் பங்கு ஓடும்போது மற்ற மூவரும் வெளியே போய்விட வேண்டும்.

ராக்கியப்பன் மனைவி பாவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங், நாலு பேரும் ஒண்ணா உக்காந்து பாத்தா என்ன குடியா முழுகிப்போகும்?"

"நாலு பேரும் ஒரே நேரத்துல மடை தெறந்தா கெணறு என்னத்துக்கு ஆகும்?" என்று திருப்பிக் கேட்டார் ராக்கியப்பன்.

"பாத்ததை ஒருத்தருக்கொருத்தர் சொல்லவாச்சும் செய்யுங்களே?"

"தம்பி பங்குல அண்ணன் கைய வெக்கறதா? எங்கப்பன் எங்களை அப்படி வளக்கல!"

அந்த அம்மாள் அதற்குமேல் பேசவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே அவர் அதற்குமேல் பேசுவதில்லை.

மாப்பிள்ளையின் படம் வரும்வரை கண்ட படத்தையும் போட்டுப் பழகினார்கள். அதில்தான் வினை ஆரம்பித்தது. ராக்கியப்பன் பங்கில் எப்போதும் பேர் போடுவார்கள், கதாநாயகன் வந்து ஆடுவான், அம்மா கையால் சாப்பிடுவான். அவருக்கு உலகமே நன்றாக இருப்பதாகத் தோன்றியது. நாச்சிமுத்துவுக்கு யார் யாரோ காதலித்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. சென்னியப்பன் பங்கு இருக்கிறதே, அதில்தான் வீடு ஜப்தியாகும், ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார், நல்லவனெல்லாம் செத்துப்போவான். மனிதர் இளைத்தே போனார். குழந்தைவேலு பங்கில் அடிதடி நடந்து எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். "இவனுக எதுக்கு இத்தனை நாளாப் பேசாம இருந்தானுக?" என்று அவருக்கு மட்டும் சந்தேகம் தீரவேயில்லை.

ஒருநாள் சென்னியப்பன் பங்கில் டிவி தானாக நின்று, 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று எழுத்தில் கேட்டது. அவர் மரியாதையாக எழுந்து நின்று, "பாத்துட்டுத்தானுங் இருக்கறேன், ஆனா முடியலீங்" என்றார். டிவி ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் படமும் வந்தது. நால்வரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முறைப்படி பார்த்தார்கள்.

ராக்கியப்பன் வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. நாச்சிமுத்து யோசனையாக வந்தார். சென்னியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து தூணில் சாய்ந்தார். குழந்தைவேலு கடைசியில் ஓடும் பேரெல்லாம் ஓடி முடிந்து, டிவி கறுத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

காங்கேயத்துக்கு என்ன வாங்கிப்போவது என்று பேச்சு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

"தட்டு நெறையப் பழமும் பூவும் வாங்கோணும்" என்றார் ராக்கியப்பன்.

"பழமா?" என்று துண்டை உதறினார் சென்னியப்பன். "பெரிய மாலையாக் கட்டச் சொல்லுங்கண்ணா. மாப்ள நம்மளை விட்டுப்போட்டுப் போயிட்டாரு."



"படத்துலதானே?" என்றார் நாச்சிமுத்து.

"படத்துலன்னா எளப்பமா?" என்று சீறினார் ராக்கியப்பன். "கெளம்பறேன்னு அவரு சொன்னதுக்கே இத்தனை நாளாக் கோவம். இப்பச் செத்தே போயிருக்காரு. கண்டுக்காம வெறும் பழத்தோட போனா வுடுவாரா?"

"அப்பச் சிரிச்சுட்டுப் போறதா, அழுதுட்டுப் போறதா?"

ராக்கியப்பன் நெற்றியைத் தேய்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "அவங்கவங்க பங்குல என்ன வந்துச்சோ, அதுக்குத் தக்கன நடந்துக்குங்க."

காங்கேயத்தில் மயிலாத்தாள் வாசலுக்கு ஓடிவந்தாள். எத்தனை நாளாகப் பார்க்காத அண்ணன்கள்! முதலில் ராக்கியப்பன் பழத்தட்டோடு சிரித்துக்கொண்டே நுழைந்தார். பின்னால் நாச்சிமுத்து, சிரிப்புமில்லை, அழுகையுமில்லை. அதற்கும் பின்னால் ஆளுயர ரோஜா மாலையோடு சென்னியப்பன், "என்ற தங்கச்சிய இப்படி நட்டாத்துல வுட்டுப்போட்டீங்களே மாப்ள!" என்று தெருவே கேட்க ஓலமிட்டபடி வந்தார். கடைசியில் குழந்தைவேலு சும்மா வந்தார்.

"அடப்பாவிகளா! உங்களை என்ன சொன்னேன், நீங்க என்ன பண்றீங்க!" என்று மயிலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். நோம்பி போச்சு, அம்மா வீட்டு வாசல் போச்சு என்று புலம்பினாள். எனக்கே அவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை வெளியே வந்தார். மாலையைப் பார்த்தார். மீசை துடித்தது.

"சொல்லுங்க. எப்படி நடிச்சிருக்கேன்?"

"புல்லட்ல வந்தீங்க, சிரிச்சீங்க. நெம்ப நல்லாருந்துச்சுங்" என்றார் ராக்கியப்பன்.

"அப்பறம்?"

"டீ குடிச்சீங்க" என்றார் நாச்சிமுத்து. "மிச்சம் வெக்காமக் குடிச்சீங்க."

மாப்பிள்ளையின் முகம் இறுகியது. சென்னியப்பன் மாலையை அவர் காலடியில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அடக்கமாட்டாமல் அழுதார். பொய்யழுகை இல்லை. பழகிய மனிதர் கண்ணெதிரே போனால் எப்படி அழுவாரோ, அப்படியே அழுதார்.

மாப்பிள்ளை குனிந்து மெல்லக் கேட்டார். "ஏனுங் மச்சான், நெசமாவே செத்த மாதிரி இருந்துச்சா? எடுக்கறப்ப, வயிறு ஆடுது ஆடுதுன்னு டைரக்டர் திட்டிக்கிட்டே இருந்தானுங்."

"மூச்சே இல்லீங் மாப்ள! நான் டிவிக்குப் பக்கத்துல போயிக் கையை வெச்சே பாத்தேன்!"

மாப்பிள்ளையின் கண் கலங்கியது. மெதுவாகக் குழந்தைவேலு பக்கம் திரும்பினார். "சின்ன மச்சான், நீங்க?"

"என்ற பங்குல நீங்க வரவேயில்லீங்" என்றார் குழந்தைவேலு.

மயிலாத்தாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் பாத்தனுங். கல்யாணத்துல தேடினேன், எல்லாரும் கட்டிப்புடிச்சப்பத் தேடினேன். ஒரு மூலையிலகூட நீங்க இல்லீங். அத்தனை சுத்தமாச் செத்திருக்கீங்."

மாப்பிள்ளை அப்படியே அவரைக் கட்டிக்கொண்டார். "மயிலா, பாத்தயா! நடிப்புன்னா என்னன்னு தெரிஞ்சவங்க உங்கூட்டுல இருக்காங்க! வர்றோமுங் மச்சான், நோம்பிக்கு வர்றோம். ஒரு வாரம் இருந்துட்டுத்தான் போவோம்."

மயிலாத்தாளுக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, மளமளவென்று சமைத்து இலை போட்டாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள், சென்னியப்பன் மட்டும் உட்காரவில்லை.

"செத்தவருக்குப் படைச்சு, காக்கா தொடாம நாம சாப்படறதா?" என்றார். "நாளைக்கு அவரு மனசு என்ன பாடுபடும்?"

"அண்ணா, அவரு இங்கதானே உக்காந்திருக்காரு!" என்றாள் மயிலாத்தாள்.

"அதனாலதான் கண்ணு சொல்றேன். அவரு முன்னாடியே முறை தப்பலாமா?"

மாப்பிள்ளைக்கு அது நியாயமாகப் பட்டது. பெருமையாகவும் இருந்திருக்கும். இலையில் சோறு, பருப்பு, வடை எல்லாம் வைத்து, தானே தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறினார். மச்சான்கள் பின்னாலேயே ஏறினார்கள். "கா... கா..." என்று மாப்பிள்ளை தன் படையலுக்குத் தானே கூப்பிட்டார். காக்கை வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அவரையே பார்த்தது. இலைப்பக்கம் இறங்கவில்லை.

"உங்களை உசுரோடப் பாக்குதல்லங் மாப்ள, அதுக்குக் கொழம்புது" என்றார் ராக்கியப்பன்.

மாப்பிள்ளை ஒரு நிமிடம் யோசித்தார். வேட்டியை ஒழுங்கு செய்துகொண்டு, படத்தில் படுத்தது போலவே இலைக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடி மூச்சைப் பிடித்தார். வயிறு ஆடவேயில்லை. காக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, தத்தித் தத்தி இறங்கி வடையைக் கொத்தியது.

மாப்பிள்ளை உதடு அசையாமல் கிசுகிசுத்தார். "மச்சான்... நம்பீருச்சுங்களா?"

"பேசாதீங் மாப்ள" என்றார் சென்னியப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அது இன்னும் பாத்துட்டு இருக்குது."